தாரை வார்த்த பாட்டு

எங்கள் ஊர் மரியாதையை யாராவது புகழ்ந்து பேசினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "கோயமுத்தூர்க்காரங்க பேச்சே தனிங்க, கைக்குழந்தையைக்கூட வாங்க போங்கன்னுதான் கூப்பிடறாங்க" என்று வெளியூர்க்காரர்கள் சொல்லும்போது, பக்கத்தில் இருப்பவர்கள் எல்லாம் ஏதோ தாங்களே கண்டுபிடித்தது போலச் சிரிப்பார்கள். நான் சிரிக்கமாட்டேன். அந்த மரியாதைதான் என் பாட்டைக் கொண்டுபோனது. பாட்டோடு சேர்ந்து வரவேண்டிய வேலையையும் கொண்டுபோனது. இத்தனை வருஷம் ஆகியும் ஆறவில்லை. ஆறட்டும் என்று நான் முயற்சி செய்யவுமில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருஷம் முழுக்க எங்கள் வீட்டில் இங்கிலாந்துதான் பாடியது. வீடு என்றால் கோயமுத்தூர் ராமநாதபுரத்துச் சந்து ஒன்றில் ஓட்டு வீடு. அம்மா, அண்ணன், நான், மூன்றே பேர். அப்பா நான் பள்ளிக்கூடம் முடிக்கும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். அண்ணனுக்கு மோட்டார் காயில் கட்டும் பட்டறையில் வேலை. நான் பீளமேட்டில் ஒரு பம்புசெட் கம்பெனியில் டெலிபோன் போர்டில் உட்கார்ந்திருந்தேன். விளக்கு எரிந்தால் "குட் மார்னிங்" சொல்ல வேண்டும், யாரைக் கேட்கிறார்களோ அவருக்கு லைனைக் கொடுக்க வேண்டும். பல்லடத்து விவசாயியும் பம்பாய் வியாபாரியும் என் குரலைத் தினம் கேட்டார்கள். என்னிடம் பேச வேண்டும் என்று ஒருத்தரும் கூப்பிட்டதில்லை.

அண்ணனுக்கு இங்கிலாந்துப் பாட்டுப் பைத்தியம். ஒரு பழைய ரேடியோவை வைத்துக்கொண்டு, ஷார்ட்வேவில் லண்டன் நிலையத்தைப் பிடிக்க மொட்டை மாடிக்கும் முற்றத்துக்கும் ஓடிக்கொண்டே இருப்பான். இந்த வாரம் எந்தப் பாட்டு முதலிடம், எது இறங்கிப்போனது என்பதெல்லாம் அவனுக்கு வீட்டு விவகாரம் மாதிரி. அந்த வருஷம் அங்கே கிதார் வைத்துக்கொண்டு பாடும் பையன்களின் குழுக்களுக்குள் பெரிய போட்டியாம். எது பெரிய குழு என்று ஊரே இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றதாம். அண்ணனும் ஒரு கட்சியில் சேர்ந்துகொண்டான். பட்டறையில் தாமிரக் கம்பி சுற்றும் ஆட்களிடம் போய் எதிர்க்கட்சியைத் திட்டுவான். "அப்பிடிங்களாண்ணா" என்று அவர்களும் தலையாட்டி வைப்பார்கள்.

ரேடியோவில் வரும் பாட்டை டேப்பில் பிடித்துவைத்து, சாயங்காலம் போட்டுக் கேட்பான். அதுதான் எங்கள் சந்தில் லேத் பட்டறைகள் எல்லாம் ஒன்றாக ஓடும் நேரம். வோல்டேஜ் விழுந்து டேப் இழுக்கும். இங்கிலாந்து இளவட்டங்கள் எங்கள் வீட்டில் ஒப்பாரி வைப்பார்கள். "ரேடியோல கேட்டப்ப இப்பிடி இல்லையே" என்று அண்ணன் பெட்டியைத் தட்டுவான். "அவங்க ஊர்லயும் லோ வோல்டேஜ்தானாக்கும்" என்று நான் சொன்னதற்கு ஒருநாள் சீப்பை எடுத்து வீசினான். ஆனால் ஒன்று, அந்த ரேடியோவைக் கேட்டுக் கேட்டே அவனுக்கு இங்கிலீஷ் சரளமாக வந்துவிட்டது. சந்தில் யாருக்கும் அப்படி வராது. அதில் அவனுக்கு ஏகப்பட்ட பெருமை. அந்தப் பெருமை என் தலையில்தான் வந்து விடிந்தது.

என் இங்கிலாந்து வேறு. அது எங்கள் சபையின் பாடகர் குழுவில், கொயரில், இருந்தது. ஆலயம் கட்டி நூறு வருஷம் ஆகிறது என்று, கொயர் மாஸ்டர் ஜனவரி மாத முதல் பயிற்சியிலேயே அறிவித்துவிட்டார். மனுஷன் பேங்கில் வேலை பார்த்தார். சனிக்கிழமை மதியம் பேங்க் சாவியை ஒப்படைத்துவிட்டு நேராக ஆலயத்துக்கு வந்துவிடுவார்.

"இந்த வருசம் பூராவும் இங்கிலீஷ் கொயர் பாட்டுத்தானுங்க. ஈஸ்டருக்கு ஒண்ணு, அறுப்புப் பண்டிகைக்கு ஒண்ணு, கிறிஸ்துமஸ் கேரலுக்குப் பெருசா ஒண்ணு. கோயிலைக் கட்டுனவங்க பாட்டை நாம பாடிக் காட்டோணும்."

"யாருக்குங்க காட்டறது? அவங்கதான் கட்டிப்போட்டுப் போயிட்டாங்களே" என்று பின்வரிசையில் கட்டைக் குரல் பாடும் ஒருவர் கேட்டார். மாஸ்டர் காதில் விழாதது போல ஆர்கனைத் திறந்தார்.

பாதிப் பேருக்கு இங்கிலீஷ் வராது. வார்த்தைகளைத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்துப் பாடினார்கள். ஈஸ்டர் பாட்டு சித்திரை வெயிலில் வியர்த்து ஒழுகிக்கொண்டே முடிந்தது. அறுப்புப் பண்டிகைப் பாட்டு இன்னும் மோசம். கோதுமைக்கும் ஆப்பிளுக்கும் பனிக்கும் நன்றி சொல்லும் பாட்டு அது. பீடத்துக்கு முன்னால் பார்த்தால் வாழைத்தாரும் மஞ்சளும் பூசணிக்காயும், பொள்ளாச்சியில் இருந்து ஒரு குடும்பம் கொண்டுவந்து இறக்கிய தேங்காய்க் குவியலும் ஏலத்துக்குக் காத்திருந்தன. எங்கள் ஊரில் விளையாததற்கெல்லாம் நாங்கள் உருகி உருகி நன்றி சொன்னோம். எனக்கு அதெல்லாம் ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. நான் கிறிஸ்துமஸுக்காகக் காத்திருந்தேன்.

ஏனென்றால் கிறிஸ்துமஸ் பாட்டின் நடுவில் ஒரு தனிப்பாட்டு இருந்தது. அந்த இடத்தில் ஆர்கன் நின்றுவிடும். கொயரும் நின்றுவிடும். ஒரே ஒரு பெண் குரல் துணையில்லாமல் கிளம்பி, படிப்படியாக மேலே ஏறி, கடைசி ஸ்வரத்தில் போய் நிற்க வேண்டும். ஆண்கள் குரல் அடியில் இருந்து மெதுவாக எழுந்து வந்து சேரும்வரை அந்த ஸ்வரம் அசையக்கூடாது. மாஸ்டர் எங்கள் ஒவ்வொருத்தியையும் பாடச்சொல்லிக் கேட்டார். நான் பாடி முடித்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கண்ணு, இது உனக்குன்னே எழுதுனாப்பல இருக்குது" என்றார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு இன்னொன்றும் சொன்னார். "நம்ம பள்ளிக்கூடத்துக்கு வர்ற ஜூன்ல பாட்டு டீச்சர் போடறாங்க. கேரலுக்குத் தாளாளர் வருவாரு. அன்னிக்கு அவரு உன்ற குரலைக் கேட்டாருன்னாப் போதும், மிச்சத்தை நான் பேசிக்கறேன்."

தாளாளர் என்பவர் சபை நடத்தும் பெண்கள் பள்ளியின் பொறுப்பாளர். அவர் வைத்ததுதான் சட்டம். லண்டனில் இருந்து வருஷத்துக்கொரு தடவை வந்து போகும் பரீட்சைக்காரர் முன்னால் பியானோ வாசித்து வாங்கிய சான்றிதழ் என்னிடம் இருந்தது. ஆனால் தாளாளர் சான்றிதழைப் பார்த்து யாருக்கும் வேலை கொடுத்ததில்லை. அவர் கண்ணால் பார்க்க வேண்டும், காதால் கேட்க வேண்டும், பக்கத்தில் நாலு பேர் "ஆஹா" சொல்ல வேண்டும். அதற்கு அந்தக் கேரல் ஆராதனையை விட்டால் எனக்கு வேறு வழியில்லை.

எனக்கு அந்த வேலை வேண்டும். அவ்வளவு வெறியோடு நான் அதற்கு முன்பும் பின்பும் எதையும் விரும்பியதில்லை. "ஒன் மினிட் சார், லைன் தர்றேன்" என்று சொல்லிச் சொல்லியே என் தொண்டை தேய்ந்துபோய்விடுமோ என்று பயமாக இருந்தது. அந்தக் கடைசி ஸ்வரத்துக்காக டெலிபோன் போர்டிலேயே மூச்சுப் பிடித்துப் பழகினேன். மதியம் லைன் ஓய்ந்திருக்கும்போது உள்ளுக்குள் பாடிக்கொண்டு, விளக்கு எரிந்தால் பாதியில் நிறுத்திவிட்டுக் "குட் ஆப்டர்நூன்" சொல்வேன். வீட்டில் குளிக்கப் போனால் வெளியே வர நேரமாகும். "உள்ள என்ன, அடியே, மூழ்கிப்போயிட்டியா?" என்று அம்மா கதவைத் தட்டுவாள். நவம்பர் வந்தபோது அந்த ஸ்வரம் நான் நிறுத்திய இடத்தில் நின்றது. அது எனக்குத் தெரியும். மாஸ்டருக்கும் தெரியும்.

இந்த இடத்தில் எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்தில் எதையும் கொடுத்தவுடன் வாங்கிவிட மாட்டார்கள். காப்பி குடிக்கிறீர்களா என்றால் "இல்லீங்க, இப்பத்தானுங்க குடிச்சேன்" என்பார்கள். பச்சைத் தண்ணீர்கூடக் குடித்திருக்க மாட்டார்கள். மறுபடி கேட்டால் "இருக்கட்டுங்க, எதுக்குங்க சிரமம்" என்பார்கள். அதற்கும் மேலே கேட்ட பிறகுதான் டம்ளரில் கை வைப்பார்கள். கொடுப்பவர்களும் அப்படித்தான். தன்னிடம் இருப்பதில் உசத்தியானதை எடுத்து நீட்டுவார்கள், எதிரில் இருப்பவர் மறுத்துவிடுவார் என்ற தைரியத்தில். டவுன் பஸ்ஸில் ஒரு சீட் காலியானால் எங்கள் பெண்கள் இரண்டு பேர் "நீங்க உக்காருங்க", "அட, நீங்க உக்காருங்க" என்று நின்றுகொண்டே இருப்பார்கள். உக்கடத்தில் ஏறிய எவனோ ஒருத்தன் வந்து உட்கார்ந்துவிடுவான். இருவரும் அவனை முறைப்பார்கள். அவனுக்கு ஏன் என்றே தெரியாது.

அந்த அக்டோபரிலேயே எங்கள் கொயருக்கு ஒரு வெள்ளைக்கார அம்மா வந்து சேர்ந்திருந்தார். கருமத்தம்பட்டிப் பக்கத்தில் ஒரு பஞ்சு மில்லுக்கு இங்கிலாந்தில் இருந்து புது மெஷின் இறங்கியிருந்தது. அதைப் பூட்டி ஓட்டிக் காட்ட வந்த இன்ஜினியரின் மனைவி. தன் ஊரில் பள்ளிக்கூடத்துப் பாட்டு டீச்சராக இருந்தவர். நல்ல மனுஷி, அதைச் சொல்லாவிட்டால் என் வாய் அழுகிப்போகும். அலட்டல் கிடையாது. பருத்திப் புடவையைக் குத்து மதிப்பாகச் சுற்றிக்கொண்டு வந்து, கொயரில் எங்களோடு நடுவரிசையில் நின்று பாடினார். நாங்கள் "விண்டர்" என்று சொல்லும் இடத்தில் அவர் உதடு எப்படிப் போகிறது என்று எல்லோரும் ஓரக்கண்ணால் பார்த்தோம். மாஸ்டர் உருகியே போய்விட்டார். நூறு வருஷம் கழித்துப் பாடிக் காட்ட ஓர் ஆள் கிடைத்துவிட்டதே!

என் அம்மாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அந்த அம்மாவை வீட்டுக்கு அழைத்தே ஆகவேண்டும் என்று நின்றாள். "நம்ம புள்ளை தனியாப் பாடறவ. அவ ஊட்டுக்குக் கூப்புடாம வேற யாரு ஊட்டுக்குக் கூப்புடறது?" என்று கேசரி கிளறினாள், முறுக்கு சுட்டாள், அடுத்த வீட்டில் இருந்து பீங்கான் கப் வாங்கி வந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து மாஸ்டர் அவரைக் கூட்டிக்கொண்டு எங்கள் சந்துக்குள் நுழைந்தார். பாதிச் சந்து பின்னால் வந்தது.

மாஸ்டருக்கு இங்கிலீஷ் தெரியும். ஆனால் அண்ணன் அவரைப் பேசவே விடவில்லை. அம்மா ஒரு வார்த்தை சொல்வதற்குள் இவன் இங்கிலீஷில் எடுத்து வைத்துவிடுவான். வந்தவரும் மெச்சிக்கொண்டார். எங்கே கற்றாய் என்று கேட்டதற்கு, உங்கள் ஊர் ரேடியோவில் என்று சொல்லிவிட்டு, அந்த வாரம் முதலிடத்தில் இருந்த பாட்டு எது என்பதையும் சொன்னான். அவர் வாய்விட்டுச் சிரித்தார். அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை.

கேசரி பாதி போனபோது பேச்சு கிறிஸ்துமஸ் பாட்டுக்கு வந்தது. அந்தத் தனிப்பாட்டு ரொம்ப அழகு, உங்கள் மகள் நன்றாகப் பாடுகிறாள் என்று அந்த அம்மா சொன்னார். அண்ணன் தமிழில் சொன்னான். என் அம்மா பூரித்துப்போனாள். பூரித்தால் எங்கள் ஊர்ப் பெண்கள் என்ன செய்வார்களோ அதைச் செய்தாள்.

"அய்யோ, என்னங்க நீங்க! நீங்க இருக்கறப்ப எம்புள்ளை பாடறதுங்களா? நல்லாவாங்க இருக்கும்? நீங்களே அதைப் பாடிப்போடுங்கம்மா."

இது ஒரு பேச்சுக்குச் சொல்வது. இதற்குப் பதிலாக எதிரில் இருப்பவர் "அதெப்பிடிங்க, உங்க புள்ளை பாடற மாதிரி வருங்களா" என்று சொல்ல வேண்டும். அம்மா மறுபடி சொல்வாள், அவர் மறுபடி மறுப்பார். கடைசியில் அவள் பெண்ணுக்கு மேலும் இரண்டு பாராட்டு சேரும். இதற்குத்தான் அம்மா அடி போட்டாள். அண்ணன் ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. ஒரு சொல் சிந்தாமல், ஒரு சொல் கூட்டாமல், அதை அப்படியே இங்கிலீஷில் எடுத்து அந்த அம்மாவிடம் கொடுத்துவிட்டான்.

அவர் கப்பைக் கீழே வைத்தார். முகம் சிவந்தது. நிஜமாகவா என்று கேட்டார்.

"நெசமாத்தானான்னு கேக்கறாங்கம்மா" என்றான் அண்ணன்.

அம்மா திகைத்தாள். இப்படி ஒரு கேள்வியை அவள் வாழ்க்கையில் யாரும் அவளிடம் கேட்டதில்லை. நிஜமில்லை என்று எப்படிச் சொல்வாள்? "பின்னே, பொய்யுங்களா சொல்லுவோம்? நெசமாத்தானுங்க" என்றாள். குரல் உள்ளே போய்விட்டது.

நான் மாஸ்டரைப் பார்த்தேன். எங்கள் ஊர் உபசாரமும் தெரிந்து, அவர்கள் மொழியும் தெரிந்து, அண்ணனை மீறிப் பேசக்கூடிய மனுஷன் அந்த அறையில் அவர் ஒருத்தர்தான். "மேடம், அது உபசாரத்துக்குச் சொன்னது" என்று ஒரு வார்த்தை. அவர் தட்டில் இருந்த முந்திரிப் பருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். அந்த அம்மா என் பக்கம் திரும்பி, உனக்குச் சம்மதமா என்று என்னையே கேட்டார். என் வாய் டெலிபோன் போர்டில் பழகிய வாய். நான் யோசிக்கும் முன்பே அது "மை ப்ளெஷர், மேடம்" என்று சொல்லிவிட்டது. அவர் எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டார். சந்தே கை தட்டியது.

போகும்போது பையில் இருந்து ஒரு கேசட்டை எடுத்து அண்ணனிடம் கொடுத்தார். அங்கே அந்த வருஷம் எல்லோரும் கேட்கும் பாட்டுகளாம். அண்ணன் அதை இரண்டு கையாலும் வாங்கினான். பட்டென்று வாங்கிவிட்டான், வேண்டாம் என்று ஒரு பேச்சுக்குக்கூடச் சொல்லவில்லை.

அவர்கள் சந்து திரும்பியதும் நான் கத்தினேன். "ஏம்மா, யாரு பாட்டை யாருக்குத் தாரை வார்க்கறே?"

"அவங்க வேண்டாம்னு சொல்லுவாங்கன்னு பாத்தேன் கண்ணு. ஒரு பேச்சுக்குச் சொன்னா அப்பிடியே எடுத்துப்போட்டாங்களே!"

"நீ சொன்னதைத்தானேம்மா நான் சொன்னேன்" என்றான் அண்ணன், கேசட் அட்டையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே.

"அப்பன்னாப் போய்ச் சொல்லும்மா. தெரியாமச் சொல்லிப்போட்டேன், எம்புள்ளையே பாடட்டும்னு சொல்லு."

"குடுத்ததைத் திருப்பிக் கேக்கறதா?" அம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. "நம்ம ஊட்டுல அந்தப் பழக்கம் இல்ல சாமி. மானம் போயிரும்."

மானம்! பாட்டுப் போகலாம், வேலை போகலாம், பெண்ணின் பிழைப்புப் போகலாம், கேசரித் தட்டோடு கொடுத்த வார்த்தை மட்டும் போகக்கூடாது. அடுத்த பயிற்சியில் மாஸ்டர் என் முகத்தைப் பார்க்காமல், "இந்த வருசம் உட்டுரு கண்ணு, தாளாளர்கிட்ட நான் எப்பிடியும் சொல்றேன்" என்றார். சொல்லவில்லை.

கேரல் ஆராதனையில் அந்த அம்மா பாடினார். நான் பின்னால் நின்றேன். பாடத் தெரிந்தவர்தான், குரல்தான் வயதாகிவிட்டது. ஏறும் இடத்தில் லேசாக நடுங்கினார். கடைசி ஸ்வரத்தில் ஆண்கள் வந்து சேரும் முன்பே மூச்சு அறுந்துவிட்டது. அந்த ஸ்வரத்துக்கு நான் என்னையறியாமல் மூச்சு இழுத்திருந்தேன். அது எனக்குள்ளேயே நின்றது, ஆண்கள் குரல் வந்து சேரும்வரை நின்றது, யாருக்கும் கேட்கவில்லை. வெளியே வந்ததும் சபையார், "என்ன இருந்தாலும் அவங்க பாட்டை அவங்க பாடற மாதிரி வருங்களா" என்று சொல்லிக்கொண்டே கேக் தின்றார்கள். வயிறு எரிந்தது. இப்போது எழுதும்போதும் எரிகிறது.

தாளாளர் நேராக அந்த அம்மாவிடம் போனார். எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு நீங்கள் வந்து சொல்லிக்கொடுத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்றார். அவரும் ஒரு பேச்சுக்குத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். அந்த அம்மா அடுத்த கணமே ஒப்புக்கொண்டார். எனக்குக் காலையில் வேலையில்லை, ஏப்ரலில் ஊருக்குப் போகும்வரை வருகிறேன், பணம் எதுவும் வேண்டாம் என்றார். தாளாளர் வாயெல்லாம் பல்லாக நின்றார்.

ஜனவரியில் இருந்து வீட்டில் அந்தக் கேசட் பாடியது. அதுவும் சாயங்காலம் இழுத்தது. ஒருநாள் காலையில் போர்டில் விளக்கு எரிந்தது. பள்ளிக்கூடத்து ஆபீசில் இருந்து பேசினார்கள், கிணற்று மோட்டார் ஓடவில்லையாம், சர்வீஸ் ஆள் வேண்டுமாம். பேசியவருக்குப் பின்னால் பிள்ளைகள் பாடுவது கேட்டது. நடுவில் அந்த அம்மாவின் குரல் நிறுத்தி, திருத்தி, மறுபடி எடுத்துக்கொடுத்தது. நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்தார். "ஒன் மினிட் சார்" என்று சொல்லிவிட்டு, சர்வீஸ் டிபார்ட்மென்டுக்கு லைனைக் கொடுத்தேன்.

ஏப்ரலில் அவர் கிளம்பும் ஞாயிறு, ஆலய வாசலில் என் கையைப் பிடித்துத் தனியாக அழைத்துப் போனார். உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்றார். அவர் இங்கிலீஷில் சொன்னதை இப்போதும் அப்படியே சொல்வேன். அந்தப் பாட்டைப் பாட எனக்குக் கொஞ்சமும் ஆசை இல்லை, பயம்தான் இருந்தது, தனியாகப் பாடிப் பல வருஷம் ஆகிவிட்டது. உன் அம்மா சொன்னபோது வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் இந்த நாட்டில் கொடுப்பதை மறுத்தால் மனம் நொந்துபோவார்கள் என்று வரும்போதே சொல்லி அனுப்பியிருந்தார்கள். உன் அம்மா மனசு நோகக்கூடாதே என்று பாடினேன். நீ என்னைவிட நன்றாகப் பாடுவாய் என்று எனக்குத் தெரியும்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கவே முடியவில்லை. அவரும் என்னவென்று தெரியாமல் கூடச் சேர்ந்து சிரித்தார். அதுவரை திட்டுவதற்கு அவராவது இருந்தார். இனி அவரையும் திட்ட முடியாது. காரில் ஏறிக் கையசைத்தார், நானும் அசைத்தேன், பிறகு ஆலயத்தின் பக்கவாட்டில் போய் நின்று அழுதேன்.

மே மாதத்தில் ஒரு நாள் மத்தியானம் தாளாளரே எங்கள் வீட்டுக்கு வந்தார். மாஸ்டர் இவ்வளவு நாள் கழித்து ஏதோ சொல்லியிருக்க வேண்டும். அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு ஓரமாக நின்றான். தாளாளர் பொள்ளாச்சிப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர், எங்கள் பேச்சுத்தான் அவருக்கும். மொழிபெயர்க்க அன்று யாரும் தேவைப்படவில்லை.

"ஜூன்ல இருந்து நம்ம பள்ளிக்கூடத்துக்கு வந்துருங்கம்மணி. புள்ளைங்க பாட்டு பாட்டுன்னு உசுரை எடுக்குதுங்க" என்றார்.

அம்மா "ஸ்தோத்திரம்" என்றாள். தாளாளர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அந்த வெள்ளைக்காரம்மா ஒரு காசு வாங்கலீங்க. கடல் தாண்டி வந்து சேவையாச் செஞ்சாங்க. நம்ம சபைப் புள்ளை நீங்க..." என்று இழுத்து அப்படியே நிறுத்தினார்.

அம்மாவுக்கு அது போதும். "அய்யோ, என்னங்க நீங்க! உங்களுக்குச் செய்யறதுக்குக் காசுங்களா? எம்புள்ளை சும்மாவே வந்து சொல்லிக்குடுப்பாளுங்க" என்றாள்.

நான் தாளாளர் முகத்தையே பார்த்தேன். அவர் நம்மூர் ஆள். இது ஒரு பேச்சுக்குச் சொன்னது என்று அவருக்குத் தெரியும். "அதெப்பிடிங்க, வேலைன்னு செஞ்சாச் சம்பளம் வாங்கித்தான் ஆகோணும்" என்று சொல்ல வேண்டியது அவர் முறை. எங்கள் ஊரில் பிறந்த எவருக்கும் அந்த முறை தெரியும். அவர் என் அம்மாவைப் பார்த்தார், புன்னகை செய்தார். "ஆண்டவர் உங்க ஊட்டை ஆசீர்வதிப்பாருங்க" என்று சொல்லிவிட்டு ஒரு முறுக்கை எடுத்து ஒடித்தார். அந்த வெள்ளைக்கார அம்மா தெரியாமல் எடுத்துக்கொண்டார். இவர் தெரிந்தே எடுத்துக்கொண்டார்.

"அம்மா ஒரு பேச்சுக்குச் சொன்னாங்க. எனக்குச் சம்பளம் வேணுங்க" என்றேன்.

அண்ணன் தரையைப் பார்த்தான். அம்மா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டாள். தாளாளர் முறுக்கை மென்று முடித்துவிட்டு, "பொண்ணுக்குப் பேச்சு நல்லாவே வருதுங்க" என்றார். "பாக்கலாங்க. கமிட்டியில கலந்து பேசிச் சொல்றேன்" என்று எழுந்தார். முடிந்தது என்று எனக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். ஆனாலும் அம்மா வாசல்வரை ஓடி மறித்தாள்.

"சோத்து நேரத்துல வந்துட்டு வெறும் வயித்தோட போறதுங்களா? சாப்புட்டுப் போட்டுத்தான் போகோணும்."

"இல்லீங்க, இருக்கட்டுங்க."

"அதெல்லாம் ஆகாதுங்க. ரசம் கொதிச்சிருச்சுங்க."

"எதுக்குங்க உங்களுக்குச் சிரமம்? இன்னொரு நாளைக்கு வாரேனுங்க."

"ஒரு கை சோறு உண்ணுங்க, என்னங்க சிரமம்?"

"வேண்டாங்கம்மா, ஊட்டுல பாத்துட்டு இருப்பாங்க."

ஒரு தட்டுச் சோற்றுக்கு இத்தனை தடவை வேண்டாம் என்று சொல்லத் தெரிந்த மனுஷனுக்கு, என் சம்பளத்துக்கு ஒரே ஒரு தடவை அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. அம்மா மறுபடியும் கூப்பிட்டாள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தார். இரண்டாவது தடவை ரசம் கேட்டு வாங்கிக்கொண்டார். நான்தான் ஊற்றினேன்.